ஆறு நாட்டுப் பஸ்ஸா, ஒரே ஊரா? ஜெர்மன் படிப்பவர்கள் சேர்ந்து போகும் பயணம்

ராமநாதபுரத்து மாலை வகுப்பில் ஜெர்மன் மொழியின் இரண்டாம் நிலையான ஏ2 முடித்தபோது நாங்கள் பதினோரு பேர். கீழக்கரை, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன் என்று ஆளுக்கொரு ஊர். பாதிப் பேர் நர்ஸ்கள். ஜெர்மனிக்கு வேலைக்குப் போக நான்காம் நிலையான பி2 வரை படித்தாக வேண்டியவர்கள். என்னைப் போல ஆசையில் சேர்ந்த பள்ளிக்கூட ஆசிரியைகளும் உண்டு. படித்த மொழியை அந்த மண்ணில் ஒருமுறையாவது பேசிப் பார்த்துவிட வேண்டும் என்று ஒன்றரை வருடம் மாதச் சீட்டுக் கட்டினோம். பணம் கைக்கு வந்ததும் கூட்டம் இரண்டானது. ஐந்து பேர் ஆறு நாடுகளைச் சுற்றிக்காட்டும் பத்து நாள் பஸ் பாக்கேஜுக்குப் போனார்கள். நாங்கள் ஆறு பேர் 2025 மே மாதம் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஒரு வீடு எடுத்து ஒன்பது இரவு தங்கினோம். எனக்கு ஒரே ஊர்தான் சரி என்று படுகிறது. பாக்கேஜைப் பற்றி நான் சொல்வது போய்வந்தவர்களிடம் கேட்டது.

முதலில் எல்லோரும் கேட்கும் விஷயங்கள். செலவில் பாக்கேஜ்தான் கூட. எங்களுக்கு டிக்கெட், விசா, வீடு, சாப்பாடு எல்லாம் சேர்த்தும் அவர்கள் கட்டியதில் மூன்றில் இரண்டு பங்குக்குள் முடிந்தது. பார்த்த இடங்களில் அவர்கள்தான் முன்னே. பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், டிட்லிஸ் பனிமலை, இன்ஸ்புரூக் வரை போய்வந்தார்கள். இரவுச் சாப்பாடு பெரும்பாலும் இந்திய ஓட்டலில். கீழக்கரை லாத்தா தன் உம்மாவையும் கூட்டிக்கொண்டு போனார். எழுபதை நெருங்கும் அவர் டிட்லிஸில் பனியைக் கையில் அள்ளி நிற்கும் படத்தை இன்றும் எடுத்து எடுத்துப் பார்க்கிறார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் போகப் போகிறோம், கூட வயதானவர்கள் இருக்கிறார்கள் என்றால் பாக்கேஜில் போவதே நல்லது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் நாங்கள் சீட்டுக் கட்டியது மொழிக்காக. அந்தக் கணக்கில் பார்த்தால் விஷயம் வேறு.

ஆறு நாட்டில் ஜெர்மன் காதில் விழும் நாடு மூன்று. அதிலும் ஜெர்மனிக்குக் கிடைத்தது ஒன்றரை நாள். 1248இல் தொடங்கி 1880இல்தான் கட்டி முடித்த கொலோன் பேராலயத்துக்கு ஒரு மணி நேரம். கறுப்புக் காட்டில் திட்டிசே ஏரிக்கரையில் குயில் கடிகாரக் கடைக்கு ஒன்றேகால் மணி நேரம். எங்கள் வகுப்பிலேயே நன்றாகப் படிக்கும் நர்ஸ் அக்கா அந்தக் கடையில் கேட்பதற்கென்று பஸ்ஸிலேயே ஒரு கேள்வியை உருப்போட்டு வைத்திருந்தாராம். வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர் "நமஸ்தே" என்று தொடங்கி, விலையை இங்கிலீஷில் சொல்லி முடித்துவிட்டார். நாலரை மணி நேரம் ஓட்டினால் டிரைவர் முக்கால் மணி நேரம் ஓய்வெடுத்தே தீர வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்த ஓய்விடம் ஒன்றில், கழிப்பறைக்குச் சில்லறை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டதுதான் பத்து நாளில் தான் பேசிய நீளமான ஜெர்மன் வாக்கியம் என்று அக்கா சொன்னபோது குரல் கம்மிவிட்டது.

இது அக்காவின் குறை இல்லை. நம்ம ராமேஸ்வரத்தையே பாருங்கள். வடக்கேயிருந்து பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். அக்னி தீர்த்தத்தில் முழுக்கு, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தம், தனுஷ்கோடி, மறுபடி பஸ். அவர்களில் எத்தனை பேர் ஒரு தமிழ் வார்த்தை கற்றுக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள்? ஆனால் பள்ளிக்கூடத்தில் இந்தி படிக்காத நம் ஆட்டோக்காரர் இந்தி பேசுகிறார். கோயில் வாசலில் சங்கு, பாசி விற்கும் அம்மா மராத்தியில் விலை சொல்கிறார். பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகும் கூட்டத்தால் மொழி கற்றுக்கொள்வது வாசலிலேயே உட்கார்ந்திருப்பவர்தான். வந்துபோகிறவருக்கு ஒவ்வொரு நாளும் முதல் நாள்.

நான் முடிவெடுக்க இந்த ஒரு விஷயம் போதுமாக இருந்தது. நேற்று பார்த்த முகத்தை இன்றும் பார்க்க வேண்டும். எந்த ஊர், எவ்வளவு அழகு என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வீட்டுக்கு எதிர்ச்சாரியில் ஒரு ரொட்டிக் கடை. கடைக்கு இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து போகக் கூடாது என்று எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம். ஆறு பேராகப் போனால் தமிழ்தான் ஓடும், ஒருவர் பேச ஐந்து பேர் ஒளிந்துகொள்வார்கள். முதல் நாள் நானும் பாம்பன் தம்பியும். கசகசா தூவிய குட்டி ரொட்டி இரண்டு கேட்டோம். அந்த அம்மா "டார்ஃப்ஸ் நோஹ் எட்வாஸ் ஸைன்?" என்றார். புத்தகத்தில் கடைக்காரர் கேட்கும் கேள்வி வேறு. இது என்னவென்றே பிடிபடவில்லை. அவர் இங்கிலீஷுக்கு மாறிவிட்டார். வேறு ஏதாவது வேண்டுமா என்றுதான் கேட்டிருக்கிறார் என்று வீட்டுக்கு வந்து கண்டுபிடித்தோம். மறுநாள் அதே கேள்வி வந்தது, "நைன், டாங்க" என்று பதிலும் சொல்லியாயிற்று. மூன்றாம் நாள் கதவைத் திறந்ததுமே அவர், "ட்ஸ்வை மோன்ப்ரோட்சென், வீ கெஸ்டர்ன்?" என்றார். ரெண்டு கசகசா ரொட்டி, நேத்து மாதிரியே? அதற்கப்புறம் அவர் எங்களிடம் இங்கிலீஷ் பேசவே இல்லை.

ஆறாம் நாள் எந்த ஊர் என்று விசாரித்தார். தென்னிந்தியா, கடலோரம் என்றோம். தானும் வருடா வருடம் பால்டிக் கடலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, உங்கள் கடல் எப்படி, அலை பெரிதா என்று கேட்டார். தம்பிக்கு அது சொந்த விஷயம். எங்களுக்கு இரண்டு கடல் உண்டு, வடக்கே அமைதியாகக் கிடப்பது பெண் கடல், தெற்கே அடித்துக்கொண்டு கிடப்பது ஆண் கடல் என்று வார்த்தை வார்த்தையாகக் கோத்துச் சொல்லிவிட்டான். ஜெர்மனில் 'ஸே' என்ற சொல் பெண்பாலில் வந்தால் கடல், ஆண்பாலில் வந்தால் ஏரி. அவன் ஆண்பாலில் "டேர் ஸே" என்றதும் அவர் ஏரியைச் சொல்கிறான் என்று நினைத்துத் திருத்தினார். இவன் கையை வீசி அலை அடித்துக் காட்டினான். பின்னால் வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் புரிந்துகொண்டு அவருக்கு விளக்கினார். கடையே கொஞ்ச நேரம் கடலின் பாலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. ஜெர்மனில் சொல்லின் பாலைக் காட்ட முன்னால் வரும், ஒரு வருடம் மனப்பாடம் செய்தும் நிற்காத டேர், டீ, டாஸ் அந்தக் காலையில்தான் எனக்குள் உட்கார்ந்தது.

லைப்சிக்கைத் தேர்ந்தெடுத்தது நல்லதாகப் போனதற்கு எதிர்பார்க்காத இன்னொரு காரணமும் இருந்தது. ஜெர்மன் சொல் ஒன்றைத் தமிழில் 'கார்ட்டன்' என்று எழுதினால் அது தோட்டமா, சீட்டுக்கட்டா என்று தெரியாது. இரண்டுக்கும் ஜெர்மனில் முதல் எழுத்து வேறு, நமக்கோ ஒரே க. வகுப்பில் இதற்காக வாங்காத திட்டு இல்லை. லைப்சிக் இருக்கும் சாக்சனி வட்டாரப் பேச்சிலோ அவர்களே க, ட, ப மூன்றையும் மெலித்துத்தான் சொல்கிறார்கள். காப்பியே அங்கே 'க'வை அழுத்தாமல் வருகிறது. வீட்டுக்காரப் பெரியம்மா பேசுவதைக் கேட்டபோது நம்மூர் ஆள் ஜெர்மன் பேசுவது போல இருந்தது. ஆனால் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் இந்த உச்சரிப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

சுற்றிப் பார்த்தது குறைவுதான். 1723இலிருந்து 1750 வரை இசைமேதை பாக் இசை நடத்திய தாமஸ் தேவாலயம், கிழக்கு ஜெர்மனி அரசை எதிர்த்த 1989 திங்கட்கிழமைப் போராட்டங்கள் தொடங்கிய நிகோலாய் தேவாலயம், ஒரு நாள் டிரெஸ்டன். ஆனால் ஹாலே நகருக்குப் போன அந்த ஒரு நாள் மற்றதையெல்லாம் ஈடுகட்டிவிட்டது. லைப்சிக்கிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அங்கே 1698இல் தொடங்கிய ஃபிராங்கே நிறுவனத்தில் நம் தமிழ் ஓலைச்சுவடிகள் பாதுகாக்கப்படுகின்றன. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு ஹாலேயில் படித்தவர். அவர் எழுதிய தமிழ் இலக்கண நூல் அச்சானதும் அங்கேதான், 1716இல். அந்த முற்றத்தில் நிற்கும்போது, நம் மொழியைப் படிக்க அவர் வந்த வழியில் நாங்கள் எதிர்த்திசையில் போயிருக்கிறோம் என்று தோன்றி மெய்சிலிர்த்தது. பாக்கேஜ் பஸ் எதுவும் இங்கே நிற்பதாகத் தெரியவில்லை.

கஷ்டங்களையும் சொல்ல வேண்டும். நாங்கள் சனிக்கிழமை இரவு போய்ச் சேர்ந்தோம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைப்பு என்பது பாடத்திலேயே உண்டு, இருந்தும் யாருக்கும் உறைக்கவில்லை. அன்று முழுக்கப் பருப்புப்பொடியும் கொண்டுபோன அரிசியும்தான். டிரெஸ்டனிலிருந்து திரும்பும்போது ரயில் ரத்தாகி, இரண்டு மணி நேரம் குளிரில் நின்றோம். பாக்கேஜில் இந்தத் தலைவலியெல்லாம் டூர் மேனேஜருடையது. இங்கே விசாரிப்பதும் நாம்தான், முடிவெடுப்பதும் நாம்தான். குழுவில் ஒருவராவது பி1 முடித்திருந்தால் தைரியமாக இருக்கும். ஏ1 மட்டும் முடித்தவர்கள் இப்படிப் போகலாமா என்றால், எங்களில் அப்படி யாரும் இல்லாததால் உறுதியாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

போகிறவர்களுக்குச் சில விவரம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர்களுக்கு 90 யூரோ, அதோடு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. அதிக இரவு தங்கும் நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும், அதனால் ஒரே ஊர் என்றால் குழப்பமே இல்லை. ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடை விடுமுறைக்குப் போக நினைத்தால் சென்னையில் நாள் கிடைப்பதற்கு ஜனவரியிலேயே பார்க்கத் தொடங்குங்கள். மாத ரயில் பாஸ் நாங்கள் போனபோது 58 யூரோ, வேக ரயில்களில் செல்லாது. அது சந்தா என்பதால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் பிடித்துவிடுவார்கள். நெய், பால்கோவா, இறைச்சி எதுவும் எடுத்துப் போக முடியாது. கருவாட்டுக்குத் தடை இல்லை, ஆனால் அடுத்த வீட்டுக்காரர்களை நினைத்து நாங்கள் எடுத்துப் போகவில்லை. வீடு பார்க்கும்போது நகரின் நடுவில் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். சமையலறை இருக்கிறதா, எதிரே தினமும் போகக்கூடிய ஒரு கடை இருக்கிறதா என்று மட்டும் வரைபடத்தில் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.