மெட்ரிக்கிலிருந்து ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கு: ஒரு வருடம் கழித்து ஐந்துக்கு மூன்றரை

ஈரோடு பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி. போன ஜூனில் மகளை ஆறாம் வகுப்பிலும் மகனை மூன்றாம் வகுப்பிலும் மெட்ரிக் பள்ளியிலிருந்து எடுத்து இங்கே சேர்த்தோம். கூகுள் மேப்பில் இந்தப் பள்ளிக்கு இருக்கிற விமர்சனமெல்லாம் ஓட்டுப் போட வந்தவர்கள் எழுதியது, "மரநிழல் சூப்பர்" என்கிற அளவில். பிள்ளையைச் சேர்க்க யோசிப்பவர்களுக்கு அது போதாது என்பதால் இது.

முதலில் பணம், எல்லோரும் கேட்பது அதைத்தான். டேர்ம் ஃபீஸ், வேன் ஃபீஸ், ஸ்மார்ட் கிளாஸ் ஃபீஸ், ஆண்டு விழா டிரஸ்ஸுக்குத் தனியாக என்று போய்க்கொண்டிருந்தது நின்றுவிட்டது. புத்தகம், நோட்டு, சீருடை, பை எல்லாம் அரசு தருகிறது. சீருடை அளவு மட்டும் யாருக்கும் சரியாக இருக்காது, டெய்லரிடம் ஒரு தடவை கொடுத்தே ஆக வேண்டும். மகனுக்குக் காலைச் சாப்பாடும் அங்கேயே. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான் என்பதால் அக்காவுக்கு மதியச் சத்துணவும் முட்டையும் மட்டும். அவள் வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இவன் பொங்கல் ஆறிவிடும் என்று கிளம்பிவிடுகிறான்.

படிப்பு. இதில்தான் வீட்டில் சண்டை. "கையில காசில்லையான்னு ஊருல கேப்பாங்க" என்று மாமியார் ஒரு மாதம் பேசவில்லை. மூன்றாம் வகுப்பு டீச்சர் முதல் வாரமே என்னைக் கூப்பிட்டு, "பையன் இங்கிலீஷ் பாட்டெல்லாம் நல்லா ஒப்பிக்கிறான்மா, ஆனா தமிழ்ல ரெண்டு வரி சேர்த்துப் படிக்க வரலை" என்றார். சின்ன வகுப்புகளுக்கு எழுத்தும் கணக்கும் அடிப்படையிலிருந்து சொல்லித்தரும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று படிக்கிற நிலையைப் பார்த்துப் பிரிக்கிறார்கள். பழைய பள்ளியில் எல்லாவற்றிலும் ஏ ஒன் வாங்கியவன் இங்கே தமிழில் மொட்டு, அதாவது நடு நிலை. எனக்கு முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் இத்தனை வருடம் ஃபீஸ் வாங்கியவர்கள் யாரும் இதை என்னிடம் சொல்லவில்லையே. பொங்கல் லீவுக்குள் கடை போர்டு, பஸ் போர்டு எதையும் விடாமல் படிக்க ஆரம்பித்துவிட்டான், அந்த டீச்சருக்கு மட்டும் ஐந்துக்கு ஐந்து.

ஆறாம் வகுப்பு கதை வேறு. அறிவியலுக்கு ஆசிரியர் பணியிடம் காலி, கணக்கு சார்தான் அதையும் எடுக்கிறார், அவரும் பயிற்சி, வாக்காளர் பட்டியல் வேலை என்று போய்விட்டால் அன்றைக்கு இரண்டு வகுப்பையும் சேர்த்து உட்கார வைத்துவிடுகிறார்கள். மகளுக்கு அறிவியல் நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் பள்ளி பார்க்கப் போகிறவர்கள் பெயிண்டையும் ஸ்மார்ட் போர்டையும் பார்த்து மயங்காமல் தலைமையாசிரியரிடம் நேராகக் கேளுங்கள்: என் பிள்ளை சேரும் வகுப்புக்கு எந்தெந்தப் பாடத்துக்கு ஆள் இருக்கிறது, எது காலி? எங்கள் ஹெச்.எம். மறைக்காமல் சொன்னார். தெரிந்துதான் சேர்த்தோம்.

பிறகு ஏன் ஆறாவதில் என்றால், கணக்குப் போட்டுத்தான். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, அடுத்த வருடம் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. இதற்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு. எட்டாவதில் யோசித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி வேறு, அரசுப் பள்ளி வேறு, அந்த 7.5 உதவி பெறும் பள்ளிக்குக் கிடையாது. அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழி வேண்டும், அது எங்கள் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே போய்விட்டது, அதனால் இங்கேயும் ஆங்கில வழிப் பிரிவிலேயே சேர்த்தோம்.

டீசி (மாற்றுச் சான்றிதழ்) வாங்குவது பெரிய தலைவலி. பாக்கி எதுவும் இல்லாமலேயே பழைய பள்ளியில் இன்றைக்கு வா, நாளைக்கு வா என்று இழுத்தார்கள். கல்வி உரிமைச் சட்டம், 2009, ஐந்தாவது பிரிவைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள்: எட்டாம் வகுப்பு வரை இப்படி அரசுப் பள்ளிக்கு மாறும்போது டீசி உடனே தர வேண்டும், டீசி வரத் தாமதம் என்று புதுப் பள்ளி சேர்க்கையை மறுக்கவும் கூடாது. டீசியோடு முடிவதில்லை, எமிஸ் என்கிற, மாணவர் விவரங்களைப் பதியும் அரசுத் தளத்தில் பிள்ளையின் பெயரைப் பழைய பள்ளி தன் பட்டியலிலிருந்து காமன் பூல் என்கிற பொதுப் பட்டியலுக்கு விடுவிக்க வேண்டும், அதற்கும் நின்று கேட்க வேண்டியிருந்தது.

கழிப்பறைக்குத்தான் ஒன்றரை மதிப்பெண்ணைக் குறைத்தேன். கட்டடம் புதுசு, சுத்தம் செய்ய ஆள் தினமும் வருவதில்லை, மகள் மாலை வரை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்த நாட்கள் உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அம்மாக்கள் நாலைந்து பேர் சேர்ந்து கத்திய பிறகு கொஞ்சம் பரவாயில்லை. குடிதண்ணீர் வீட்டிலிருந்துதான்.

சின்ன வகுப்புப் பிள்ளை என்றால் யோசிக்காமல் சேர்க்கலாம். ஆறுக்கு மேல் என்றால் வீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஒருவர் இருந்தால் மட்டும். எட்டுக்கு மேல் இங்கே வகுப்பு இல்லை. அடுத்த அரசு மேல்நிலைப்பள்ளிக்கு பஸ்ஸில் போக வேண்டும், மாணவர் பாஸ் இலவசம்தான், ஆனால் காலை எட்டரை மணி பஸ் எங்கள் ஸ்டாப்பில் நிற்பது டிரைவரின் மனசைப் பொறுத்தது.