நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட்: ஓய்வுக்காலத்துக்கு எதுவரை தாங்கும்?

இன்னும் இருபது, இருபத்தைந்து ஆண்டு கழித்து வரப்போகும் ஓய்வுக்காலத்துக்கு மாதாமாதம் போட ஒரே ஒரு ஈக்விட்டி (பங்கு முதலீட்டு) ஃபண்ட்தான் வேண்டும் என்றால், நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டின் டைரக்ட் குரோத் திட்டத்தை, அதாவது முகவர் இல்லாமல் நேரடியாக வாங்கி, லாபத்தை உள்ளேயே வளரவிடும் திட்டத்தை, தயங்காமல் எடுக்கலாம். ஆனால் ஓய்வுக்காலச் சேமிப்பு முழுவதையும் அதிலேயே போட்டுவிடக் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்தே மனதில் வையுங்கள். முதல் பாதியை மட்டும் கேட்டு இறங்குபவர்கள்தான் சந்தை சரியும்போது பயந்துபோய் விற்கிறார்கள்.

நிஃப்டி 50 என்ற குறியீட்டை அப்படியே நகலெடுப்பதுதான் இந்த ஃபண்ட். உள்ளே இருப்பது தேசியப் பங்குச் சந்தையின் 50 பெரிய நிறுவனங்கள். சந்தையில் புழங்கும் பங்குகளின் மதிப்பு எவ்வளவோ, அந்த அளவுக்கு அந்த நிறுவனத்துக்கு எடை. வழக்கமான மாற்றங்கள் ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச், செப்டம்பர் கடைசியில் நடக்கும். சிக்கல் பெரிதானால் இடையிலும் வெளியே அனுப்புவார்கள்: 2009 ஜனவரியில் சத்யம் போனது, 2020 மார்ச்சில் யெஸ் பேங்க் போனது. விலை இறங்க இறங்க எடையும் சுருங்கிவிடுவதால், ஒரு நிறுவனம் கவிழ்ந்தாலும் மொத்தப் பணம் கவிழ்வதில்லை. இந்த ஃபண்டின் பெரிய பலம் இதுதான். எந்த மேலாளரின் கணிப்பையும் நம்பி இருக்க வேண்டியதில்லை. குறை என்னவென்றால், 50 என்ற எண்ணிக்கை தரும் அளவுக்குப் பரவல் இல்லை. முதல் பத்து நிறுவனங்களே பாதிக்கு மேல் எடையை வைத்திருக்கின்றன. வங்கி, நிதித் துறையின் பங்கு மட்டும் ஏறக்குறைய மூன்றில் ஒன்று.

யுடிஐ, ஹெச்டிஎஃப்சி, எஸ்பிஐ, ஐசிஐசிஐ புருடென்ஷியல் என்று யாரிடம் வாங்கினாலும் அதே 50 பங்குகள்தான். ஆகவே நட்சத்திர மதிப்பீட்டைப் பார்ப்பதில் பயனில்லை. பார்க்க வேண்டியது டிராக்கிங் டிஃபரன்ஸ், அதாவது குறியீடு தந்த வருமானத்துக்கும் ஃபண்ட் தந்த வருமானத்துக்கும் உள்ள இடைவெளி. குறியீடு ஓராண்டில் 14 சதவீதம் தந்து, ஃபண்ட் 13.7 தந்திருந்தால் இடைவெளி 0.3. செலவு விகிதம் (ஃபண்ட் ஆண்டுதோறும் எடுத்துக்கொள்ளும் கட்டணம்) இதற்குள் அடக்கம். ஆனால் செலவு 0.2 என்று அச்சிட்டிருக்கும் ஃபண்டில்கூட இடைவெளி 0.4 வரலாம். யூனிட்டை விற்பவர்களுக்குக் கொடுக்கக் கையில் ரொக்கம் வைத்திருப்பது, குறியீடு மாறும்போது வாங்கி விற்கும் செலவு, டிவிடெண்டை மறுபடி முதலீடு செய்வதில் தாமதம் ஆகியவை மீதியைத் தின்றுவிடும். ஓராண்டுக் கணக்கை மட்டும் நம்பாமல், 3, 5 ஆண்டு இடைவெளி எங்கே குறைவாகவும் சீராகவும் இருக்கிறது என்று பாருங்கள். ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் இணையதளத்தில் எல்லா ஃபண்டுகளுக்கும் இது கிடைக்கும்.

ஒப்பிடும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. டிவிடெண்டையும் சேர்த்த குறியீடுதான் டிஆர்ஐ. 2018 பிப்ரவரியிலிருந்து ஃபண்டுகள் அதனோடுதான் தங்களை ஒப்பிட வேண்டும் என்பது சந்தை ஒழுங்குமுறை ஆணையமான செபியின் விதி. ஆனால் பல செயலிகளின் வரைபடங்களில் டிவிடெண்ட் சேராத நிஃப்டிதான் இருக்கும். அங்கே இண்டெக்ஸ் ஃபண்ட் குறியீட்டையே தாண்டிவிட்டதுபோலத் தெரியும். அப்படித் தெரிந்தால் ஒப்பீடுதான் தவறு.

டைரக்ட் திட்டங்கள் 2013 ஜனவரி 1 முதல் இருக்கின்றன. ஆனாலும் இன்றுவரை பலர் தெரியாமல், முகவர் கமிஷனும் செலவில் சேரும் ரெகுலர் திட்டத்தில்தான் இருக்கிறார்கள். மாதம் 10,000 ரூபாய் வீதம் 25 ஆண்டு போட்டு, ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்ந்ததாக வைத்துக்கொண்டால் சுமார் 1.90 கோடி சேரும். செலவில் 1 சதவீதம் கூடுதலாகப் போய் 11 சதவீதமே நின்றால் சுமார் 1.59 கோடி. நீங்கள் போட்ட மொத்தப் பணமே 30 லட்சம்தான். அந்த ஒரு சதவீதம் அதைவிடக் கூடுதலாகக் கொண்டுபோய்விடுகிறது. ஃபண்டின் பெயரில் ‘டைரக்ட்’ என்ற சொல் இருக்கிறதா என்று கணக்கு அறிக்கையில் பாருங்கள். இல்லையென்றால், ரெகுலரில் ஓடும் எஸ்ஐபியை (மாதத் தவணை முதலீட்டை) நிறுத்திவிட்டு டைரக்டில் புதிதாகத் தொடங்குங்கள். பழைய யூனிட்டுகளை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். அந்த மாற்றம் விற்பனையாகவே கணக்கிடப்படும், வரி வரும்.

விண்ணப்பத்தில் குரோத், ஐடிசிடபிள்யூ என்று இரண்டு இருக்கும். பின்னது பழைய டிவிடெண்ட் திட்டம்தான். உங்கள் பணத்திலிருந்தே எடுத்து உங்களுக்குத் தரும், அதற்கு உங்கள் வருமான வரம்புப்படி வரியும் உண்டு. குரோத் மட்டும் போதும். வங்கி மேண்டேட் (கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கத் தரும் அனுமதி) போடும்போது எஸ்ஐபி 10,000 என்பதால் வரம்பையும் 10,000 என்றே போட்டுவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு சம்பளம் உயர்ந்து 12,000 ஆக்கப் போனால் இடமிருக்காது, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வரம்பை 50,000 என்று வைத்தால் என்ன போய்விடும்? மாதம் எடுக்கப்படுவது எஸ்ஐபி தொகை மட்டுமே. கணக்கில் பணம் இல்லாமல் தொடர்ந்து மூன்று மாதம் தவறினால் எஸ்ஐபி ரத்தாகிவிடும். ஒவ்வொரு தவறுக்கும் வங்கி தனியாகக் கட்டணம் பிடிக்கும். அதனால் சம்பளம் ஏறி ஓரிரு நாளில் வரும் தேதியாகத் தேர்ந்தெடுங்கள். மாதத்தின் எந்தத் தேதி லாபம் என்ற ஆராய்ச்சி வீண். நாமினி பெயரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

நிஃப்டி 50-க்கு அடுத்த 50 பெரிய நிறுவனங்களைக் கொண்ட நிஃப்டி நெக்ஸ்ட் 50 ஃபண்டைச் சேர்க்கலாமா? சேர்க்கலாம், ஈக்விட்டியில் ஐந்தில் ஒரு பங்குக்குள். ஏற்றத்திலும் இறக்கத்திலும் அதன் வேகம் கூடுதல். நான்கைந்து நிஃப்டி 50 ஃபண்டுகளைச் சேர்த்து வைத்திருப்பதில் மட்டும் ஒரு பொருளும் இல்லை.

இந்த ஃபண்டால் செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு: உங்கள் வயது அதற்குத் தெரியாது. 2008 ஜனவரி 8-ல் 6,287 என்று முடிந்த நிஃப்டி, அதே ஆண்டு அக்டோபர் 27-ல் 2,524. பத்து மாதத்துக்குள் 60 சதவீதம் காணாமல் போனது. 2020-ல் ஜனவரியில் 12,362, மார்ச் 23-ல் 7,610. முப்பது வயதுக்காரருக்கு இது மலிவு விலையில் யூனிட் சேர்க்கும் காலம். ஐம்பத்தொன்பது வயதுக்காரருக்கோ அது வீட்டுச் செலவுப் பணம். அதனால் முதல் நாளிலிருந்தே ஈக்விட்டி 60 சதவீதம்; பிஎஃப், பிபிஎஃப், கடன் பத்திர ஃபண்ட் எல்லாம் சேர்த்து 40 சதவீதம் என்பது பலருக்கும் தாங்கும் விகிதம். ஆண்டுக்கொரு முறை பார்த்து, ஈக்விட்டி 65-ஐத் தாண்டினால் அடுத்த சில மாதப் பணத்தை மறுபக்கம் திருப்புங்கள்.

60 வயதில் ஓய்வு என்றால் 53-லேயே ஈக்விட்டியிலிருந்து பணத்தை நகர்த்தத் தொடங்கிவிட வேண்டும். ஓய்வு நாளன்று ஐந்தாண்டு வீட்டுச் செலவு சந்தைக்கு வெளியே இருக்கட்டும். அதில் 30 லட்சம் வரை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். இப்படி ஆண்டாண்டாக நகர்த்துவதில் வரியும் மிச்சமாகும். 2024 ஜூலை 23 முதல், 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்த யூனிட்டுகளின் லாபத்தில் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். கடைசி ஆண்டில் மொத்தமாக விற்றால் அந்த விலக்கு ஒரே முறைதான். ஏழு ஆண்டுகளில் பிரித்து விற்றால் இதே விதிப்படி 8.75 லட்சம் லாபத்துக்கு வரி வராது. கணவன், மனைவி இருவரும் தனித்தனியாக முதலீடு செய்திருந்தால் ஆளுக்கொரு விலக்கு. எஸ்ஐபியில் ஒவ்வொரு தவணைக்கும் 12 மாதம் தனித்தனியாக எண்ணப்படும், விற்கும்போது பழைய யூனிட்டே முதலில் போகும். மார்ச் 31-க்குள் யூனிட் விற்பனை முடிந்திருக்க வேண்டும் என்பதால், கடைசி நாள் மாலை 3 மணி வரை இழுக்காமல் மார்ச் முதல் வாரத்திலேயே விற்றுவிடுங்கள்.