ஆப்பில் கேமரா தெரியவில்லையா? உடனே புது டிவிஆர் வாங்காதீர்கள்

பாளையங்கோட்டையில் அப்பா வீட்டுக்குப் போன மாதம் பிராட்பேண்ட் இணைப்பை மாற்றினோம். அன்று சாயங்காலத்திலிருந்தே கோவையில் என் மொபைலில் கேமரா தெரியவில்லை, டிவைஸ் ஆஃப்லைன் என்றே வந்தது. ஆனால் வீட்டு டிவியில் நான்கு கேமராவும் பளிச்சென்று ஓடுகிறது. அப்பாவுக்கு 74 வயது, அம்மாவும் அவரும் மட்டும்தான் அங்கே, ராத்திரி ஒருமுறை வாசலைப் பார்த்துவிட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். அதனால் முதலில் கேமரா மாட்டிய கடைக்காரரையே கூப்பிட்டேன்.

வந்தவர் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "நெட்வொர்க் போர்டு போயிட்டு சார், புதுசுதான் போடணும்" என்றிருக்கிறார். கேமராப் படங்களைப் பதிவு செய்யும் பெட்டியான டிவிஆர் புதுசு 6,800 ரூபாய், வெளியூரிலிருந்து பார்க்க ஸ்டேட்டிக் ஐபி, அதாவது மாறாத இணைய முகவரி என்று 2,500 ரூபாய். பிள்ளை தவிக்கிறானே என்று அப்பா என்னைக் கேட்காமலேயே ஜிபேயில் அனுப்பிவிட்டார். படமும் வந்தது, நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, தம்பி மொபைலிலும் பார்க்கட்டும் என்று டிவிஆர் மேலிருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யச் சொன்னேன். இந்தக் கருவி ஏற்கெனவே வேறொரு கணக்கில் இருக்கிறது என்று வந்தது. அந்தக் கணக்கு என்னுடையது இல்லை, கடைக்காரருடையது. அவர் தன் பெயரில் பதிந்துகொண்டு எனக்கு ஷேர் மட்டும் கொடுத்திருக்கிறார். நான்கில் ஒரு கேமரா கூடத்தில் இருக்கிறது. அம்மா மத்தியானம் படுத்திருப்பது அங்கேதான். இரண்டு வாரமாக அது இன்னொருவர் மொபைலிலும் இருந்திருக்கிறது என்று தெரிந்தபோது எனக்குக் கை நடுங்கியது.

நெட்வொர்க் வேலையில் இருக்கும் அக்கா மகனை அனுப்பினேன். அவன் கடைக்கே போய் அந்தக் கணக்கிலிருந்து நீக்கவைத்து, பழைய டிவிஆரையும் வாங்கிவந்து மாட்டிப் பார்த்தான். "மாமா, இதுக்கு ஒண்ணுமே ஆகல" என்றான். பழைய ரௌட்டருக்கு ஏற்ப டிவிஆரில் 192.168.1.108 என்று முகவரியைக் கையால் போட்டு வைத்திருக்கிறார்கள், புது ரௌட்டரோ 192.168.0 வரிசையில் முகவரி தருகிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் டிவிஆர் இணையத்துக்கே போகவில்லை. டிவி எச்டிஎம்ஐ கேபிளில் நேரடியாக இருப்பதால் அதில் மட்டும் படம் வந்திருக்கிறது. டிவிஆரின் நெட்வொர்க் அமைப்பில், ரௌட்டரிடமிருந்தே முகவரி வாங்கிக்கொள்ளும் டிஎச்சிபியை ஆன் செய்ததும் இரண்டே நிமிஷத்தில் ஆப்பில் நான்கும் வந்துவிட்டன.

ஸ்டேட்டிக் ஐபி விஷயம் முழுப் பொய். ரௌட்டர் பக்கத்தில் வான் ஐபி, அதாவது இணைய நிறுவனம் ரௌட்டருக்குத் தரும் முகவரி, 100.72 என்று தொடங்குகிறது. 100.64 முதல் 100.127 வரை இருந்தால் அது நமக்கென்று வாங்கிய ஸ்டேட்டிக் ஐபி இல்லை, இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களுக்குச் சேர்த்து உள்ளே பயன்படுத்தும் முகவரி. அதில் வெளியிலிருந்து வருவதை டிவிஆருக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் செய்தாலும் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. க்யூஆர் கோடு ஸ்கேன் செய்து, கேமரா நிறுவனத்தின் சர்வர் உதவியோடு டிவிஆரைப் பிடிக்கும் பி2பி ஆப்புக்கு ஸ்டேட்டிக் ஐபி தேவையே இல்லை. இணைய நிறுவனத்திடம் கேட்டோம், அப்படி எதுவும் வாங்கப்படவில்லை என்றார்கள்.

புது டிவிஆரின் பாஸ்வேர்டு admin123 என்பதற்கு ஈடாக எல்லோரும் ஊகிக்கக்கூடியதாக இருந்தது, அதையும் மாற்றினோம். 2016-ல் மிராய் வைரஸ் பிடித்ததில் பல, இப்படிச் சுலபமான பாஸ்வேர்டோடு விட்ட கேமராக்களும் டிவிஆர்களும்தான். உங்கள் வீட்டில் கேமரா மாட்டினால் ஆப்பை உங்கள் மொபைலில், உங்கள் எண்ணில்தான் முதலில் பதிய வேண்டும். ஏற்கெனவே மாட்டியிருந்தால் இன்றைக்கே ஆப்பைத் திறந்து, கருவி உங்கள் பெயரில் இருக்கிறதா, ஷேரில் வந்ததா என்று பாருங்கள்.

கடைக்காரர் புது டிவிஆரைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார், பில்லும் தரவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்து, ஜிபே ரசீதைக் கொடுத்திருக்கிறோம்.