திருவையாறா, அம்பாசமுத்திரமா?

ஆற்றங்கரையில் ஒரு பழைய ஊர், சுற்றிலும் வயல், இரண்டு நாள் தங்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பெயர்கள் இரண்டு: காவிரிக் கரைத் திருவையாறு, தாமிரபரணிக் கரை அம்பாசமுத்திரம் (சுருக்கமாக அம்பை). ஒன்றுதான் போக முடியும் என்றால் என் ஓட்டு அம்பைக்கு.

திருவையாற்றின் அழகு போகிற வழியிலேயே தொடங்கிவிடும். தஞ்சாவூரிலிருந்து 13 கிலோமீட்டர்தான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று பாலம் பாலமாகத் தாண்டிக் கடைசியில் காவிரிக்கு வருவீர்கள். டெல்டா பாசனம் எப்படிக் கிளை பிரிகிறது என்பது பஸ் ஜன்னலிலேயே புரிந்துவிடும். ஐயாறப்பர் கோயில், அப்பர் கயிலைக் காட்சி கண்ட தலம். தியாகராஜர் 1847இல் மறைந்தார். அவர் சமாதி ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. அவர் மறைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமியன்று பெரிய வித்வான்களும் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து பஞ்சரத்தின கீர்த்தனைகளைப் பாடுவார்கள். சங்கீதம் பிடித்தவர்கள் மேலே படிக்கவே வேண்டாம், அங்கேயே போய்விடுங்கள்.

சிக்கல் தண்ணீர்தான். மேட்டூரை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. பங்குனி, சித்திரையில் போனால் படித்துறைக்குக் கீழே மணல்தான் இருக்கும்.

அம்பையில் மலை பக்கத்திலேயே இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் தாமிரபரணிக்கு உண்டு. அதனால் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல். எனக்கு மிகவும் பிடித்தது, பாசனத்தை முழுசாகக் கண்ணால் பார்க்க முடிவதுதான். மேலே பாபநாசம் அணை, கீழே வந்தால் பழைய அணைக்கட்டுகள், அங்கிருந்து பிரியும் கால்வாய், அப்புறம் வயல். எல்லாம் ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். கால்வாய்க் கரையில் நடந்தால், மதகு வழியாக நீர் வாய்க்காலுக்கு இறங்கி, வரப்பில் வெட்டிவிட்ட வாமடையில் நுழைந்து நாற்றின் அடியை நனைப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஊர்க்காரர்கள் 'அம்பை 16' என்று சொல்லும் நெல் ரகம் இங்குள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் தந்தது. பாலம் தாண்டினால் அக்கரையில் கல்லிடைக்குறிச்சி; அப்பளத்துக்குப் பேர்போன ஊர்.

கோயிலில் அம்பை சளைத்ததில்லை, காசிநாதர் கோயில் ஆற்றை ஒட்டியே இருக்கிறது. ஆனாலும் ஐயாறப்பர் கோயிலின் பிரம்மாண்டம் இங்கே கிடையாது. போக்குவரத்தில் அம்பைக்கு ஒரு வசதி கூடுதல்: ஊருக்குள்ளேயே ரயில் நிலையம். திருவையாற்றுக்குத் தஞ்சாவூரில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும்.

எப்போது போவது? திருவையாறு என்றால் ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை. அம்பைக்கு நவம்பர் கனமழை நாட்களைத் தவிர்த்துவிட்டு, பிசானப் பயிர் பச்சைபிடித்து நிற்கும் டிசம்பர் கடைசி, ஜனவரி பாருங்கள். பாபநாசத்தில் குளித்தால் ஒரு வேண்டுகோள்: பரிகாரம் என்று துணியை ஆற்றில் விட்டுவிட்டு வராதீர்கள். தூத்துக்குடி வரை குடிக்கிற தண்ணீர் அது.