கதவைச் சாத்திவிட்டுப் பேசிய அரை மணி நேரம்: எல்பிஏ சான்றளிப்புச் சேவை பற்றிய என் மதிப்பீடு

78 வயதான என் அம்மாவுக்கு நீடித்த அதிகாரப் பத்திரம், அதாவது இங்கே சிங்கப்பூரில் எல்லாரும் எல்பிஏ என்று சொல்லும் ஆவணம், பதிவு செய்ய எங்கள் குடும்பம் இரண்டு சான்றளிப்பாளர்களிடம் செல்ல நேர்ந்தது. முதலிடத்தில் ஐந்து நிமிடம், இரண்டாமிடத்தில் அரை மணி நேரத்துக்கும் மேல். ஒரே வேலைக்கு இந்த இருவரும் காட்டிய அக்கறையில் இருந்த வேறுபாடு பெரியது என்பதால், பெற்றோரை அழைத்துச் செல்லவிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று இதை விரிவாகவே எழுதுகிறேன்.

மனத்திறன் குன்றி, சொந்தமாக முடிவெடுக்க இயலாத நிலை வந்தால், நமக்காக யார் முடிவெடுக்கலாம் என்பதை நல்ல நிலையில் இருக்கும்போதே எழுதி வைப்பதுதான் எல்பிஏ. 2008இல் நிறைவேறி 2010 மார்ச் மாதம் நடப்புக்கு வந்த மனத்திறன் சட்டம் இதற்கு வழிசெய்தது. 21 வயது நிரம்பிய எவரும் செய்யலாம். உடல்நலமும் அன்றாடப் பராமரிப்பும் ஒரு பிரிவு, சொத்தும் பணமும் மற்றொரு பிரிவு. இந்தப் பத்திரம் இல்லாதபோது ஒருவர் நினைவிழந்துவிட்டால், அவருடைய வங்கிக் கணக்கைத் தொடக்கூடப் பிள்ளைகள் குடும்ப நீதிமன்றத்தில் மனுப்போட்டுப் பொறுப்பாளர் நியமனம் பெற வேண்டும். அதற்கு ஆகும் காலமும் வழக்கறிஞர் செலவும், எல்பிஏவுக்கு ஆவதைப் போலப் பல மடங்கு.

இணையப் பகுதியில் எனக்குக் குறையொன்றும் இல்லை. 2022 நவம்பர் முதல் எல்பிஏக்களைப் பதிவு செய்யும் பொதுக் காப்பாளர் அலுவலகத்தின் இணையத்தளத்திலேயே, சான்றளிப்புச் சந்திப்பு தவிர முழு வேலையும் முடிந்துவிடுகிறது. அரசாங்கத்தின் மின்னடையாளமான சிங்பாஸில் அம்மாவின் கணக்கு மூலம் நுழைந்து வரைவைத் தயார் செய்தோம். அதிகாரம் பெறுவோராக என்னையும் தம்பியையும் குறித்தோம். இருவரும் அவரவர் சிங்பாஸ் வழியாக ஒப்புதல் கொடுத்தோம். குடிமக்களுக்கு 75 வெள்ளிக் கட்டணம் தள்ளுபடியாக இருந்த காலத்தில் விண்ணப்பித்ததால் அந்தச் செலவும் இல்லை. இரண்டு பேரை நியமிப்பவர்கள் ஒரு கேள்வியில் மட்டும் நின்று யோசிக்க வேண்டும். இருவரும் சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும் என்று குறித்தால், ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் நாளில் மற்றவர் தனியாக எதுவும் செய்ய இயலாது. நாங்கள் கூட்டாகவும் தனித்தனியாகவும் செயல்படலாம் என்று குறித்தோம்.

அதற்குப் பிறகு வருவதுதான் சான்றளிப்பு. அங்கீகாரம் பெற்ற மருத்துவர், வழக்கறிஞர், மனநல மருத்துவர் ஆகியோரில் ஒருவர் அம்மாவை நேரில் சந்தித்து, இந்தப் பத்திரத்தின் நோக்கம் அவருக்கு விளங்குகிறது, ஏமாற்றோ வற்புறுத்தலோ இல்லை என்று சான்றளிக்க வேண்டும். இந்தச் சட்டம் முதியவருக்குத் தந்திருக்கும் பாதுகாப்பில் பெரும்பகுதி இந்த ஒரு சந்திப்பில்தான் இருக்கிறது.

முதலில் சென்றது வீட்டுக்கு அருகில் உள்ள ஒரு மருந்தகம். கட்டணம் 25 வெள்ளி. பெயரைச் சொல்ல விரும்பவில்லை. அங்கிருந்த மருத்துவர் அம்மாவைப் பார்த்து ஒரு முறை தலையசைத்துவிட்டு, மீதி முழுவதையும் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். அம்மாவுக்கு விளங்குகிறதா என்றார்; விளங்குகிறது என்றேன். யாரும் வற்புறுத்தவில்லையே என்றார், இல்லை என்றேன். வற்புறுத்தக்கூடிய முதல் ஆள் நான்தான் என்பது அந்த நொடியில் எனக்கே உறைக்கவில்லை. மின்கையொப்பத்துக்காகக் கைப்பேசியை அம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டியபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "என்னன்னு அவர் எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலையே" என்றார். கையொப்பமிடாமலே எழுந்து வந்தோம். 25 வெள்ளி திரும்பவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. அன்று அம்மா முகத்தைத் திருப்பாமல் இருந்திருந்தால், அவருடைய விருப்பத்துக்கு மாறான ஒரு பத்திரம் அவர் பெயரில் பதிவாகியிருக்கும். அது எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாமவர் தமிழ் பேசும் ஒரு மருத்துவர். கட்டணம் 50 வெள்ளி. தமிழ் பேசும் சான்றளிப்பாளர் வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டுக் கேட்டே இவரைக் கண்டுபிடித்தேன். அவர் செய்த முதல் காரியம், "நீங்க கொஞ்சம் வெளியே உட்காருங்க" என்று என்னிடம் சொல்லிக் கதவைச் சாத்தியது. உண்மையைச் சொன்னால் எனக்குச் சுருக்கென்றது. அம்மாவின் மருந்துப் பட்டியல் முழுவதும் என் கைப்பையில்தான் இருக்கிறது; அவருக்குக் காது மந்தம், நான் இல்லாமல் எப்படிப் பேசுவார் என்று தவித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே அம்மாவின் குரல் முதலில் தாழ்ந்தும் பிறகு வழக்கத்தைவிட உரக்கவும் கேட்டது.

மீண்டும் என்னை அழைத்தபோது மருத்துவர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பி வைத்திருந்தார். எழுத்து பெரிதாக்கப்பட்டிருந்தது. குடியிருக்கும் வீட்டை நீதிமன்ற ஒப்புதல் இல்லாமல் விற்கலாமா கூடாதா என்ற கட்டத்தின் மீது அவர் விரல் இருந்தது. பிற்பாடு சிரமம் இருக்கக்கூடாது என்று நினைத்து, தடை எதுவும் இல்லாத தெரிவை நான் குறித்து வைத்திருந்தேன். அம்மாவிடம் அதைப் பற்றிக் கேட்கவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. "அப்பா வாங்குன வீடு. கோர்ட்டக் கேக்காம விக்கக்கூடாதுன்னு டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டேன்" என்றார் அம்மா. அங்கேயே வரைவைத் திருத்த இயலாது என்பதால், வீட்டுக்கு வந்து மாற்றி, தம்பியிடம் மறுபடி ஒப்புதல் வாங்கி, அடுத்த வாரம் திரும்பச் சென்றோம். இரண்டாம் முறைக்கு அந்த மருத்துவர் கட்டணம் வாங்கவில்லை.

உள்ளே என்ன பேசினீர்கள் என்று அன்றே உணவங்காடி நிலையத்தில் தேத்தண்ணீர் குடிக்கும்போது அம்மாவிடம் கேட்டேன். கொள்ளி போடப்போகிறவன் தம்பிதானே, அவன் பெயர் மட்டும் போதாதா என்று இவர் கேட்டிருக்கிறார். அது வேறு, இது வேறு, இந்தப் பத்திரம் உங்கள் மூச்சு உள்ளவரைக்கும்தான் என்று மருத்துவர் சொன்னாராம். பிறகு, உடம்புக்கு முடியாமல் போனால் யார் உங்களைக் குளிப்பாட்ட வேண்டும், யாரிடம் கூச்சமில்லாமல் இருப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார். சட்டமொழியில் உள்ள ஒரு பிரிவை இதைவிடத் தெளிவாக ஒரு தாய்க்கு விளக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சமயம் பற்றி அம்மா கேட்ட கேள்வி எனக்குப் புதியது. நினைவு தப்பிய பிறகு தம் சமயத்தை யாராவது மாற்றிவிடுவார்களோ என்ற அச்சம் அவருக்கு இருந்திருக்கிறது. நெடுங்காலம் நினைவிழந்து கிடந்த ஒரு தோழியின் வீட்டில் எழுந்த சச்சரவு அவர் மனத்தில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது: திருமணத்துக்கு இசைவு தருவதையும், ஒரு சமயத்தை ஏற்பதையும் துறப்பதையும் ஒருவருக்காக வேறு எவரும் முடிவு செய்ய முடியாது, எல்பிஏ இருந்தாலும் முடியாது. அதோடு, ஒருவரின் நலனைத் தீர்மானிக்கும்போது அவருடைய முந்தைய விருப்பங்களையும் நம்பிக்கைகளையும் விழுமியங்களையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. சைவ உணவும், வெள்ளிக்கிழமை விரதமும், நெற்றித் திருநீறும் அந்தச் சொற்களுக்குள் அடங்கும் என்பதால், அவற்றை எங்காவது எழுதி வைக்க வேண்டும். அதற்கு ஏற்ற இடம், பிற்காலப் பராமரிப்பு பற்றிய விருப்பங்களைப் பதிந்து வைக்கும் முன்கூட்டிய பராமரிப்புத் திட்டம் என்று மருத்துவர் வழிகாட்டினார். அது சட்டப்படி எவரையும் கட்டுப்படுத்தாது என்றாலும், மருத்துவமனையில் பிள்ளைகள் தடுமாறி நிற்கும் நேரத்தில் அம்மாவின் சொல் தாளில் இருக்கும்.

பணத்தைப் பொறுத்தவரை, பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருப்பதால் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதியில் உள்ள தொகை உயிலில் அடங்காது. நமக்குப் பின் அது யாருக்குப் போக வேண்டும் என்று தனியாக நியமனம் செய்ய வேண்டும். எல்பிஏ மூலம் அதிகாரம் பெற்றவர் அந்த நியமனத்தையோ உயிலையோ நம் சார்பில் செய்யவும் முடியாது. திருமணம் ஆனதும் முந்தைய நியமனம் தானாகவே ரத்தாகிவிடும் என்பதை, மணமான பிறகு அதைப் புதுப்பிக்காத என் தம்பி இந்த அலைச்சலின்போதுதான் அறிந்துகொண்டான்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா கடையநல்லூர்ப் பூர்வீகம் கொண்ட தமிழ் முஸ்லிம். எல்பிஏ எழுதுவது, ஃபராயிழ் எனப்படும் இஸ்லாமிய வாரிசுச் சட்டத்துக்கு முரணாகிவிடுமோ என்று தயங்கிக்கொண்டிருந்தார். எல்பிஏ உயிரோடு இருக்கும் காலத்துக்கு மட்டுமே உரியது. இறந்த பின் சொத்துப் பங்கீட்டில் முஸ்லிம்களுக்கு இஸ்லாமியச் சட்டமே நடைமுறையில் இருக்கிறது. மற்றவர்களுக்கு, உயில் இல்லாதபோது, 1967ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அதன்படி துணைவரும் பிள்ளைகளும் இருந்தால் துணைவருக்குப் பாதி, பிள்ளைகள் அனைவருக்கும் சேர்த்து மீதிப் பாதி. அதில் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற வேறுபாடு இல்லை. இதைச் சொன்னபோது என் அம்மாவின் புருவம் உயர்ந்ததை நான் கவனித்தேன்.

2013இல் நடந்த தேசிய ஆய்வில், 60 வயதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்கு முதுமைமறதி இருப்பதாகத் தெரியவந்தது. ஆகவே தள்ளிப்போட வேண்டாம் என்பதோடு, அவசரப்பட்டு மலிவான இடத்தைத் தேடவும் வேண்டாம் என்பேன். சான்றளிப்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முன் தொலைபேசியில் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: பெற்றோருக்கு வசப்பட்ட மொழியில் பேசுவாரா, பிள்ளைகளை வெளியே இருக்கச் சொல்வாரா. இரண்டாவது கேள்விக்குத் தயக்கமில்லாமல் ஆம் என்று சொல்பவரிடம் 25 வெள்ளி கூடுதலாகக் கொடுப்பது தகும். அந்த மருத்துவரிடம் குறை என்று சொன்னால், மூன்று வாரம் காத்திருந்துதான் சந்திப்பு கிடைத்தது. சக்கர நாற்காலியில் வருவோருக்கு வாசல் குறுகலானது.

பதிவுக்கு முன் ஆட்சேபம் தெரிவிக்க விடப்படும் காத்திருப்புக் காலம் முடிந்ததும் உறுதிச் செய்தி வந்தது. மின்னாவணமே போதும் என்று சொல்லியும் அம்மா கேட்கவில்லை. அச்செடுத்து, அப்பாவின் மரணச் சான்றிதழ் இருக்கும் பித்தளைப் பெட்டியில் வைத்துக்கொண்டார். 52 வயதாகும் நானும் அதே மருத்துவரிடம் அடுத்த மாதம் நேரம் வாங்கியிருக்கிறேன். என் வரைவில் மற்ற எல்லாவற்றையும் நிரப்பியாயிற்று. வீட்டை விற்பது பற்றிய அந்தக் கட்டம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது.