வாட்டும் மாடிக்கு எந்த பஸ்? ஐ2சி, ஒன்-வயர், ஆர்எஸ்-485: டிரைவர் எழுதுபவர் பக்கமிருந்து

தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடிக்கு வெப்பமும் ஈரப்பதமும் பதியும் கருவி செய்யக் கிளம்புபவர் கையில் எடுப்பது பெரும்பாலும் ஒரு சின்ன லினக்ஸ் போர்ட், கூடவே சில சென்சர்கள். இரண்டையும் எந்த பஸ்ஸால், அதாவது தரவு போகும் எந்தக் கம்பி ஏற்பாட்டால், இணைப்பது, சென்சரோடு பேசும் நிரலான டிரைவரை லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் எழுதுவதா வெளியே எழுதுவதா என்பதில்தான் வாக்குவாதம் தொடங்கும். வேகத்தையும் விலையையும் வைத்து ஒப்பிட நிறையப் பேர் இருக்கிறார்கள். நிமிடத்துக்கு ஒருமுறை படித்தால் போதும் என்கிற இடத்தில் வேகம் ஒரு விஷயமே இல்லை. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: கம்பியில் கோளாறு வந்தால் கெர்னலுக்கு அது தெரியவருமா, தெரிந்ததை நம் டிரைவர் மறைக்காமல் மேலே சொல்லுமா?

இலங்கை மலையகத்தில் அட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்து ஸ்டோர் ஒன்றின் மேல்மாடியை நினைத்துக்கொள்ளுங்கள். வாட்டும் தொட்டி நூறு அடிவரை நீளும். தலைமாட்டில் பெரிய விசிறி, அதற்கு மூன்று பேஸ் மோட்டர். ஸ்டார்ட்டர் விழும் கணத்தில் மின்னழுத்தம் சட்டென்று தாழ்ந்து மீளும். தென்மேல் பருவத்தில் சுவரே வியர்க்கும், ஏப்ரல் பின்னேரங்களில் இடி விழும். அங்கே தேயிலை தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் பார்ப்பது உலர் குமிழ் வெப்பமானிக்கும் ஈரத்திரி சுற்றிய ஈரக் குமிழ் வெப்பமானிக்கும் உள்ள வித்தியாசத்தை. ஓரிரு டிகிரியில் முடிவு மாறும் வேலை அது. பொய் எண் வருவதைவிட எண்ணே வராமல் இருப்பது மேல்.

பீசிஐ, யூஎஸ்பி போன்ற பஸ்களில் சாதனமே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். கெர்னல் கேட்டால் தயாரிப்பாளர் எண், பொருள் எண் இரண்டையும் ஒப்பிக்கும். பஸ்ஸின் 'மேட்ச்' செயல்பாடு பொருத்தமான டிரைவரைத் தேடி, சாதனத்தை ஏற்கும் செயல்பாடான அதன் 'புரோப்'பை அழைக்கும். சிப்புகளை இணைக்கும் சிறு பஸ்களான ஐ2சியிலும் எஸ்பிஐயிலும் அப்படி ஏதும் கிடையாது. எந்த முகவரியில் என்ன இருக்கிறது என்று, கெர்னல் படிக்கும் வன்பொருள் பட்டியலான டிவைஸ் ட்ரீயில் நாம்தான் எழுதிவைக்க வேண்டும். (ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளம் இதை வேறு மாதிரிச் செய்கிறது. அங்கே ஒவ்வொரு டிரைவரின் புரோப்பும் ஒரு மதிப்பெண் சொல்லும், அதிகம் சொன்னவருக்குச் சாதனம். ஏலம் மாதிரி. எனக்கு அந்த வழி பிடிக்கும், ஆனால் இங்கே கடையில் கிடைக்கும் போர்ட்களுக்கு லினக்ஸ்தான் நடைமுறை.)

ஐ2சி 1982இல் பிலிப்ஸ் உருவாக்கியது. கடிகாரத்துக்கு ஒரு கம்பி, தரவுக்கு ஒன்று. ஒவ்வொரு பைட்டுக்கும் எதிர்ப்பக்கம் ஒப்புதல் பிட் தர வேண்டும். டிரைவர் எழுதுபவருக்கு அந்த ஒரு பிட் பெரிய வரம். சென்சர் கழன்று விழுந்தால் ஒப்புதல் வராது, கெர்னலின் பரிமாற்றச் செயல்பாடு பிழை எண்ணைத் திருப்பித் தரும். அதை அப்படியே மேலே விட்டால் போதும். 'பிழை வந்தால் பழைய மதிப்பையே கொடு' என்று சிலர் எழுதிவைப்பதைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். இரவெல்லாம் ஒரே எண்ணைக் காட்டும் திரையை யார் சந்தேகிப்பார்கள்?

ஐ2சியின் முதல் குறை தூரம். பஸ்ஸின் மொத்தக் கொள்ளளவம் (கம்பி மின்னூட்டத்தைத் தேக்கும் அளவு) 400 பிகோஃபரட்டுக்குள் இருக்க வேண்டும். சாதாரண கேபிள் ஒரு மீற்றருக்கே ஐம்பது, அறுபது பிகோஃபரட் தின்றுவிடும். நூறடித் தொட்டிக்கு இது எட்டாது. இரண்டாவது முகவரி. வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் எஸ்எச்டி31 சென்சருக்கு ஹெக்ஸ் 44, 45 என்று இரண்டே முகவரிகள்தான். மூன்றாவது சென்சர் வேண்டுமானால் ஒரு பஸ்ஸைப் பல கிளைகளாகப் பிரிக்கும் டிசிஏ9548ஏ போன்ற மல்டிபிளெக்சர் தேவை. அதற்குக் கெர்னலிலேயே டிரைவர் உண்டு, அதன் எட்டுக் கிளைகளும் எட்டுத் தனி பஸ்களாகத் தெரியும், நம் டிரைவரில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் தலைவலி. சென்சர் பாதி பைட்டை அனுப்பிக்கொண்டிருக்கும்போது மோட்டர் ஸ்டார்ட் ஆகி போர்ட் மட்டும் ரீசெட் ஆகிறது என்று வையுங்கள். சென்சர் தரவுக் கம்பியைக் கீழே இழுத்துப் பிடித்தபடி அடுத்த கடிகாரத் துடிப்புக்குக் காத்திருக்கும். போர்ட்டோடு திரும்ப எழுந்த, பஸ்ஸை நடத்தும் கொன்ட்ரோலரோ கம்பி விடுபடட்டும் என்று காத்திருக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே நிற்கும். கொன்ட்ரோலர் ஒன்பது துடிப்புகள் கொடுத்தால் சென்சர் மிச்ச பிட்களைக் கொட்டிவிட்டுக் கம்பியை விட்டுவிடும். லினக்ஸின் ஐ2சி மையத்தில் இந்த மீட்பு வழி எழுதப்பட்டே இருக்கிறது. ஆனால் கொன்ட்ரோலரின் டிரைவர் எந்தப் பின்னை எப்படி ஆட்டுவது என்று அதற்குச் சொல்லியிருக்க வேண்டும். புதிதாகக் கொன்ட்ரோலர் டிரைவர் எழுதுபவர்கள் விட்டுவிடுகிற பகுதி இதுதான், ஏனென்றால் வீட்டு மேசையில் இது நடப்பதே இல்லை. விட்டுவிட்டால், நடுராத்திரியில் யாராவது மாடி ஏறிப் பிளக்கைப் பிடுங்கிச் செருக வேண்டும்.

ராஸ்பெரி பை வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. பழைய மாடல்களின் சிப்பில் உள்ள ஐ2சி கொன்ட்ரோலர், சென்சர் கடிகாரக் கம்பியைப் பிடித்து 'கொஞ்சம் பொறு' என்று சொன்னால் சில வேளைகளில் தடுமாறும். கெர்னலோடு வரும் எஸ்எச்டி3எக்ஸ் டிரைவர் இயல்பாக அந்த வழியில் போவதில்லை. அளக்கச் சொல்லிவிட்டுச் சில மில்லிசெக்கன் உறங்கி எழுந்துதான் படிக்கும். இப்படி யாரோ யோசித்து எழுதிய டிரைவர் இருக்கும்போது நாமும் ஒன்று எழுதுவது வீண்வேலை.

எஸ்பிஐ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேகமானது, எளிமையானது, ஆனால் ஒப்புதல் என்பதே இல்லை. கம்பி அறுந்தாலும் பரிமாற்றம் வெற்றி என்றுதான் கெர்னல் சொல்லும். வந்தது முழுக்கப் பூச்சியமா முழுக்க ஒன்றா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். வாட்டும் மாடிக்கு வேண்டாம்.

ஒன்-வயர் டல்லஸ் செமிகண்டக்டரின் பிள்ளை. அதன் டிஎஸ்18பி20 சென்சர் வெப்பத்தை மட்டுமே அளக்கும். ஆனால் இரண்டை வாங்கி, ஒன்றின் நுனியில் ஈரத்திரி சுற்றிவிட்டால் டீமேக்கரின் உலர் குமிழும் ஈரக் குமிழும் கிடைத்துவிடும்! ஒவ்வொன்றின் பிழையும் அரை டிகிரிவரை போகலாம் என்பதால் இரண்டையும் ஒரே தண்ணீரில் போட்டு ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சென்சருக்கும் 64 பிட் அடையாளம் தொழிற்சாலையிலேயே பதிந்து வரும்: குடும்பக் குறி 8, தொடர் எண் 48, சரிபார்ப்பு 8. அதனால் பஸ் தானே தேடிக் கண்டுபிடிக்கும், டிவைஸ் ட்ரீயில் ஒவ்வொன்றையும் எழுத வேண்டாம். இந்த விஷயத்தில் ஐ2சி பக்கத்திலேயே வர முடியாது.

இதற்குக் கொடுக்கும் விலை வேறு இடத்தில். ஜிபிஐஓ என்ற பொதுப் பயன்பாட்டுப் பின் ஒன்றை ஆட்டித்தான் கெர்னல் இதைப் பேசுகிறது. படிக்கும் பிட்டைத் தொடங்கிய 15 மைக்ரோசெக்கனுக்குள் பார்த்துவிட வேண்டும் என்பதால் அந்தச் சிறு நேரத்துக்கு இன்டரப்டுகளை (வேலையை இடைமறிக்கும் சமிக்ஞைகளை) நிறுத்திவைக்கிறார்கள். கெர்னலுக்கு வெளியே, பயனர் பக்கத்தில் ஓடும் நிரலால் இந்த நேரத்தை நம்பிக்கையாகப் பிடிக்க முடியாது; ஆக ஒன்-வயர் கெர்னலுக்குள் இருப்பதுதான் நியாயம். ஏற்கெனவே அங்கே இருக்கிறது.

ஒன்-வயர் சொல்லும் பொய் தனி ரகம். ஒரு ஸ்டோரில் டீமேக்கர் கேட்டார்: "தம்பி, ராத்திரி ஒன்றரைக்கு 85 டிகிரின்னு காட்டுதே. அப்படின்னா கொழுந்து வெந்தே போயிருக்குமே?" மின்சாரம் கிடைத்து எழுந்தவுடன் டிஎஸ்18பி20இன் நினைவகத்தில் இருக்கும் தொடக்க மதிப்பு 85. அளக்கச் சொன்னதற்கும் படித்ததற்கும் நடுவில் மின்னழுத்தம் தாழ்ந்தால் சென்சர் ரீசெட் ஆகி அந்த 85ஐ நீட்டும். சரிபார்ப்பு எண்ணும் கச்சிதமாகப் பொருந்தும். பஸ் சரி, டிரைவர் சரி, எண் மட்டும் பொய். கெர்னலின் இப்போதைய டிரைவரில் 85ஐச் சந்தேகிக்கும் தேர்வு உண்டு, நாம்தான் இயக்கிவிட வேண்டும்.

தூரம் போக ஆர்எஸ்-485. இரண்டு கம்பிகளுக்கு இடையிலான வித்தியாசத்தைப் படிப்பதால் மோட்டர் இரைச்சலைச் சமாளிக்கும். குறைந்த வேகத்தில் 1200 மீற்றர்வரை ஓடும். மேலே பேசும் மொழி மொட்பஸ், 1979ஆம் ஆண்டுச் சரக்கு, இன்றைக்கும் தொழிற்சாலைகளில் உயிரோடு இருக்கிறது. கேள்விக்குப் பதில் வராவிட்டால் காலக்கெடு தாண்டும், பதில் சிதைந்தால் 16 பிட் சரிபார்ப்பு காட்டிக்கொடுக்கும். கோளாறை மறைக்க வழியே இல்லாத பஸ்.

டிரைவர் எழுத ஆசைப்படுபவர் வழுக்கி விழுவதும் இங்கேதான். சீரியல் போர்ட்டில் தொங்கும் சாதனத்துக்குக் கெர்னல் டிரைவர் எழுத 2017இல் லினக்ஸ் 4.11 'செர்டெவ்' என்ற வழியைத் தந்தது. புளூடூத், ஜிபிஎஸ் சிப்புகளுக்கு அது அருமை. ஆனால் ஒரு சீரியல் போர்ட்டுக்கு ஒரு சாதனம் என்பதே அதன் ஏற்பாடு. ஒரே கம்பியில் பத்து மொட்பஸ் சென்சர் தொங்கவிட வேண்டுமானால் சொந்தமாக ஒரு பஸ் வகையையே பதிய வேண்டும்: மேட்ச், புரோப், அகற்றல், ஒவ்வொரு சாதனத்துக்கும் குறிப்பு எண்ணிக்கை (அதை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கு), கடைசிக் கை விட்டபின் நினைவகத்தை விடுவிக்கும் செயல்பாடு, ஒரே நேரத்தில் இருவர் பேசாமலிருக்கப் பூட்டு. யாராவது யூஎஸ்பி அடாப்டரைப் பிடுங்கும்போது, படித்துக்கொண்டிருக்கும் நிரலின் காலடியில் சாதனம் மறைந்துபோகும். அந்த ஓட்டப்பந்தயத்தைச் சரியாகக் கையாள்வதற்குள் கொழுந்துப் பருவமே முடிந்துவிடும். படித்துப் பார்ப்பதற்காக எழுதுங்கள், நல்ல பயிற்சி. ஸ்டோரில் வைக்காதீர்கள். கம்பியில் அனுப்புவது, பெறுவது என்ற திசை மாற்றத்தைச் சீரியல் டிரைவரிடம் விட்டுவிட்டு, மொட்பஸ்ஸைப் பயனர் பக்கத்தில் வைத்தால் நிரல் சரிந்தாலும் லினக்ஸ் போர்ட் சரியாமல் ஓடும், நிரலை மறுபடி தொடங்கிவிடலாம்.

கெர்னலுக்குள் சொந்த மொடியூல் வைப்பதில் இன்னொரு சுமையும் உண்டு. கெர்னலின் உள் இடைமுகம் மாறிக்கொண்டே இருக்கும். ஐ2சி டிரைவரின் அகற்றல் செயல்பாடு லினக்ஸ் 6.1இல் எதையும் திருப்பித் தராததாக மாறியது, 6.3இல் புரோப் ஏற்கும் மதிப்புகள் மாறின. மூல மரத்தில் இருக்கும் டிரைவர்களை மாற்றியவர்களே திருத்திவிடுகிறார்கள். நம் மொடியூலை யார் திருத்துவது? தோட்டத்தில் யாரோ அப்டேட் அழுத்திய மறுநாள் அது கம்பைல் ஆகாது, நாம் கொழும்பில் இருப்போம்.

என் தேர்வு இப்படி: பெட்டிக்குள் ஒரு சாண் தூரத்துக்கு ஐ2சி, கெர்னலோடு வரும் டிரைவர், டிவைஸ் ட்ரீயில் நாலு வரி. தொட்டியின் நீளத்துக்கு ஆர்எஸ்-485, மொட்பஸ் பயனர் பக்கத்தில். கையில் காசு குறைவென்றால் ஒன்-வயரும் ஈரத்திரியும், 85 சோதனையோடு. கெர்னல் டிரைவர் சொந்தமாக எழுதியே தீர வேண்டும் என்றால் அதற்கும் மாடியில் ஒரு வேலை இருக்கிறது: விசிறி சுழலும் வேகம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு இன்டரப்ட், இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை அந்தக் கணமே குறிக்க வேண்டும். அதற்கும் எழுத உட்காருவதற்கு முன் துடிப்புகளை எண்ணுவதற்கான கெர்னலின் 'கவுன்டர்' பகுதியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.