எஸ்எம்எஸ் ஓடிபியா, ஆப்பா, பாஸ்கீயா: கட்டாயம்தான் என்றால் எதை வைத்துக்கொள்வது?

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சித்தப்பா இருக்கும் ஊரில் வீட்டுக்குள் செல்போன் டவர் எடுக்காது. மொட்டை மாடிக்குப் போனால் இரண்டு கோடு காட்டும். பிராட்பேண்ட் இருப்பதால் கம்ப்யூட்டரில் அவருடைய மெயிலைத் திறந்து தரலாம் என்று உட்கார்ந்தேன். பாஸ்வேர்டு சரியாகப் போட்டாச்சு, அடுத்து ஓடிபி கேட்டது. அவர் பையன் போனைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினான், மெசேஜ் வந்ததும் அங்கிருந்தே ஒவ்வொரு எண்ணாகக் கத்தினான், நான் கீழே அடித்து முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மறுபடி அனுப்பச் சொன்னோம். அது வருவதற்குள் இன்னொன்றும் கேட்டுவிட்டோம். அப்புறம் வந்ததில் எது பழசு எது புதுசு என்று தெரியாமல் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில், பல முறை தவறாகப் போட்டுவிட்டீர்கள், சற்று நேரம் கழித்து வாருங்கள் என்று சொல்லிவிட்டது. "என் கணக்கு, என் பாஸ்வேர்டு, எனக்கே ஏன்டா இத்தனை தடை?" என்றார் சித்தப்பா.

அவர் கேட்டது நியாயம். ஆனாலும் பாஸ்வேர்டுக்கு மேல் இரண்டாவதாக ஒரு சோதனை கேட்கும் இந்தக் கட்டாயம் வேண்டும் என்பதுதான் என் கட்சி. விருப்பப்பட்டவர்கள் போட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டால் யாரும் போடுவதில்லை. 2020இன் பிற்பாதியில் ட்விட்டர் தானே வெளியிட்ட கணக்குப்படி, இந்த இருபடிச் சரிபார்ப்பை வைத்திருந்தவர்கள் 2.3 சதவீதம்தான். கூகுள் 2021இல் 15 கோடிப் பேருக்குத் தானாகவே அதைப் போட்டுவிட்டது. அந்தக் கணக்குகளில் திருட்டுப் போவது பாதியாகக் குறைந்தது என்று அடுத்த ஆண்டு சொன்னது. நம் வீடுகளில் ஒரே பாஸ்வேர்டைத்தான் மெயிலுக்கும், துணிக்கடை தளத்துக்கும், ரயில் டிக்கெட்டுக்கும் போட்டு வைத்திருக்கிறோம். எங்கோ ஒரு சின்ன தளத்தில் அது கசிந்தால் மெயில் வரைக்கும் போய்விடும். ஆகவே இரண்டாவது பூட்டு வேண்டும், சரி. எந்தப் பூட்டு என்பதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் எஸ்எம்எஸ். நமக்கு இது ரொம்பப் பழக்கம், கார்டில் ஆன்லைனில் பணம் கட்டக் கூடுதல் சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி 2009லேயே கட்டாயமாக்கிவிட்டதால் ஓடிபி என்ற சொல் தெரியாத வீடே இல்லை. பட்டன் போனிலும் வரும், எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், போன் தொலைந்தாலும் அதே எண்ணில் புது சிம் வாங்கிக்கொள்ளலாம். இந்தக் கடைசி வசதிதான் ஓட்டையும்கூட. நம் பெயரில் வேறொருவன் சிம் வாங்கிவிட்டால் ஓடிபி எல்லாம் அவனுக்குப் போகும். ட்விட்டரை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜாக் டார்சியின் கணக்கே 2019இல் இப்படி எண் கைமாறியதால்தான் போனது.

திருடனைவிட எனக்குப் பெரிய கவலை எண் காலாவதியாவது. ஷார்ஜாவில் வேலை பார்க்கும் என் நண்பன் ஊர் எண்ணுக்கு ரீசார்ஜ் செய்ய மறந்துவிட்டான், இணைப்பு துண்டாகிவிட்டது. அப்படித் துண்டான எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது இங்கே விதி. அவன் விஷயத்தில் அதுதான் நடந்தது. அவனுடைய மெயில், பழைய சமூக வலைத்தளக் கணக்கு என எல்லாவற்றின் ஓடிபியும் இன்று யாரோ ஒருவருடைய போனுக்குப் போகிறது. வளைகுடாவில் இருக்கும் நம் ஆட்கள் எத்தனையோ பேர் ஓடிபிக்காக மட்டுமே ஊர் சிம்முக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கணக்கு அவர்களுடையதாக இருக்கலாம், பிடி என்னவோ டெலிகாம் கம்பெனியின் கையில்.

இதற்கு நேர் எதிர், நம் போனிலேயே எண்ணைக் காட்டும் அத்தென்டிகேட்டர் ஆப். இதற்கு டவரும் வேண்டாம், சிம்மும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். முதலில் ஸ்கேன் செய்கிறோமே அந்த க்யூஆர் கோடு, அதற்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அதையும் கடிகார நேரத்தையும் சேர்த்து 30 நொடிக்கு ஒரு முறை நம் போனும் அந்தத் தளமும் தனித்தனியாக ஒரே 6 இலக்க எண்ணைக் கணக்குப் போட்டுக்கொள்கின்றன. எதுவும் அனுப்பப்படுவதே இல்லை, அதனால் வந்து சேரவில்லை என்ற பேச்சும் இல்லை. போனின் நேரம் தப்பாக இருந்தால் மட்டும் எண் செல்லாது. சித்தப்பா வீட்டுக்கு எஸ்எம்எஸ்ஸைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் போன் போனால்? எனக்கு நடந்தது. பழைய போனின் டிஸ்ப்ளே ஒரு நாள் முழுக்கக் கருத்துவிட்டது. புது போன் வாங்கி, அதே சிம்மைப் போட்டு, எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆப்பைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. கணக்கு தொடங்கிய அன்று காட்டிய பேக்கப் கோடுகளை, அதாவது போன் இல்லாதபோது போட்டு நுழையும் எண்களை, நான் எழுதி வைக்கவில்லை. ஒரு கணக்கை மீட்க மூன்று தடவை படிவம் நிரப்பினேன், நீங்கள்தான் என்று உறுதிசெய்ய முடியவில்லை என்ற ஒரே பதில் மூன்று தடவையும் வந்தது. அம்மாவின் பழைய படங்கள் அதில் இருந்தன. பாஸ்வேர்டு எனக்குத் தெரியும், இன்றைக்கும் தெரியும். கூகுள் அத்தென்டிகேட்டர் 2023 ஏப்ரலில்தான் கணக்கோடு சேர்த்துச் சேமிக்கும் வசதியைக் கொடுத்தது. 2010இல் வந்த ஆப் அது. அந்தப் பதின்மூன்று வருஷத்தில் இந்த வலியை எத்தனை பேர் பட்டிருப்பார்கள் என்று நினைத்தாலே கோபம் வருகிறது.

போனில் "இது நீங்கள்தானா?" என்று கேட்டு ஆம், இல்லை காட்டும் முறையும் உண்டு. வசதி, வேகம். ஆனால் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் சலித்துப்போய் ஒரு தடவை ஆம் அழுத்திவிடுவோம், 2022இல் ஊபருக்குள் ஒருவன் நுழைந்தது அப்படித்தான்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பலவீனம், போலித் தளம். அசல் மாதிரியே ஒரு பக்கம் செய்து, நாம் அதில் அடிக்கும் எண்ணை அந்த நொடியே அசல் தளத்தில் போட்டு உள்ளே போய்விடுவார்கள். எஸ்எம்எஸ்ஸில் வந்த எண்ணானாலும் ஆப் காட்டிய எண்ணானாலும் இதில் வித்தியாசம் கிடையாது, ஆம் அழுத்துவதும் அப்படியே. போனுக்குள்ளேயே இருந்து, போனைத் திறக்கும் விரல் ரேகையாலோ பின்னாலோ வேலை செய்யும் சாவியான பாஸ்கீயும், யுஎஸ்பியில் செருகும் செக்யூரிட்டி கீயும் மட்டும்தான் இங்கே தனித்து நிற்கின்றன, ஏனென்றால் அவை தளத்தின் முகவரியைப் பார்த்துத்தான் திறக்கும், முகவரியில் ஓர் எழுத்து மாறினாலும் சாவி வேலை செய்யாது. 2022இல் ட்விலியோ, கிளவுட்ஃப்ளேர் என்ற இரண்டு இணையத் தொழில்நுட்ப நிறுவனங்களின் ஊழியர்களுக்கும் ஒரே மாதிரி போலி மெசேஜ் போனது. ட்விலியோ விழுந்தது. கிளவுட்ஃப்ளேரிலும் மூன்று பேர் ஏமாந்து பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார்கள், ஆனால் எல்லோரிடமும் செக்யூரிட்டி கீ இருந்ததால் திருடர்களால் அதற்கு மேல் நகர முடியவில்லை. இதே விஷயத்தை 2019இல் கூகுள் எண்களில் காட்டியது. ஓர் ஆளைக் குறிவைத்து நடக்கும் தாக்குதலில் எஸ்எம்எஸ் தடுத்தது 76 சதவீதம், போனில் ஆம் கேட்பது 90, செக்யூரிட்டி கீ 100.

அப்படியானால் எல்லோரும் பாஸ்கீக்குப் போய்விடலாமா என்றால், என் பதில் போகலாம், ஆனால் பழைய போன் வைத்திருப்பவர்களை நினைத்துப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 9க்குக் கீழே இருந்தால் கிடையாது. பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் உங்கள் போனின் பாஸ்கீயை வைத்து நுழைய இரண்டிலும் புளூடூத் வேண்டும், பழைய டெஸ்க்டாப்பில் அது எங்கே இருக்கும்? செக்யூரிட்டி கீ என்றால் சில ஆயிரம் ரூபாய், அதுவும் ஒன்று தொலைந்தால் இன்னொன்று வேண்டும் என்பதால் இரண்டாக வாங்க வேண்டும். தினமும் விரல் வைத்து போனைத் திறப்பவருக்கு பாஸ்கீதான் எல்லாவற்றிலும் சுலபம், எண் அடிக்கும் வேலையே இல்லை.

என் குறை கட்டாயத்தின் மேல் இல்லை, ஒரே வழியைக் கட்டாயமாக்குவதன் மேல்தான். புரோகிராமர்கள் தங்கள் நிரல்களை வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப், 2023இல் அங்கே நிரல் எழுதிப் போடுகிறவர்களுக்கு இருபடிச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியபோது ஆப், எஸ்எம்எஸ், செக்யூரிட்டி கீ என்று பல வழிகளை வைத்து, கெடு நாளும் கொடுத்தது. அது சரியான முறை. மொபைல் எண் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு, வேறு வழியே காட்டாமல், அந்த எண் போனால் கணக்கும் போச்சு என்று விடுகிற சேவைகள் பாதுகாப்பு என்ற பெயரில் நம்மைத்தான் வெளியே நிறுத்துகின்றன.

சித்தப்பாவுக்கு அன்று சாயங்காலமே மாற்றிக் கொடுத்தேன். போனில் பாஸ்கீ, துணைக்கு அத்தென்டிகேட்டர் ஆப், எஸ்எம்எஸ்ஸைக் கடைசி வழியாக மட்டும் விட்டு வைத்தேன். பேக்கப் கோடுகள் பத்தையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, பத்திரமும் ரேஷன் கார்டும் இருக்கும் பெட்டியில் வைத்தாச்சு. ஒன்றைப் பயன்படுத்தினால் பேனாவால் அடித்துவிடுங்கள், ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும் என்றேன். உடனே அதில் ஒன்றைப் போட்டு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, அவரே அடித்தார்.